செம்புள்ளி நோயும் ஒரு மருத்துவரின் துணிவும்

நேற்றுவரை ஓடியாடிய குழந்தையின் கால்களில் ஒருநாட் காலை குண்டூசித் தலையளவில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. அடிபடாமலே ஆங்காங்கு தோல் கன்றியிருக்கிறது. சில வேளைகளில் மூக்கிலும் ஈறிலும் குருதி கசிகிறது. பெற்றோர் நடுங்குவது இயல்பே. இந்நோயை ஜெர்மானிய மருத்துவர் வெர்லாஃப் 1735-ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதிவைத்தார். ஆயினும் காரணம் புலப்பட இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று.

குருதி உறைவதற்குத் துணைபுரிபவை தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் அவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். இந்நோயில் அவை பெரிதும் குறைகின்றன. எலும்பு மஜ்ஜை அவற்றை உண்டாக்கவில்லையா, அன்றி உண்டானவை அழிக்கப்படுகின்றனவா? அழிப்பது மண்ணீரலே என்றார் பிராகு நகரத்துக் காஸ்நெல்சன். 1916-இல், மாணவர்களே, அவரும் உங்களைப்போல் மாணவரே! அவர் சொற்படி ஒரு பெண்ணின் மண்ணீரல் அகற்றப்பட்டது, நோய் தணிந்தது. ஆனால் மண்ணீரலை இழந்த பின்னும் சிலருக்கு நோய் தீரவில்லை.

1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாரிங்டன், ஹாலிங்ஸ்வொர்த் என்னும் இரண்டு இளம் மருத்துவர்கள் இவ்வையத்தைத் தம் உடலிலேயே தீர்த்துக்கொள்ளத் துணிந்தனர். நோயுற்ற பெண்ணொருத்தியின் குருதிப் பிரிவு எவருடையதோடு பொருந்துகிறதோ, அவர் அக்குருதியை ஏற்பதென்பது ஏற்பாடு. பொருந்தியவர் ஹாரிங்டன். சுமார் 500 மில்லிலிட்டர் குருதி அவருள் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் 10,000-க்கும் கீழே வீழ்ந்தன. வலிப்புக் கண்டது, உடலெங்கும் செம்புள்ளிகள் பரவின. மார்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையிலோ தட்டணுக்களை ஈனும் அணுக்கள் குறைவின்றி இருந்தன! ஏறக்குறைய ஐந்து நாட்களில் அவர் தேறினார். குற்றம் மஜ்ஜையில் இல்லை, குருதியில் கலந்துள்ள ஏதோ ஒன்றே தட்டணுக்களை அழிக்கிறது என்பது உறுதியாயிற்று. அது உடலின் காவற்படையாகிய எதிர்ப்பொருளே எனப் பின்னர் அறிந்தனர். இத்தகைய சோதனையை இன்று எவரும் அனுமதியார். நானும் அதனை முன்மாதிரியாகக் காட்டமாட்டேன்.

1980-இல் சுவிட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் இம்பாக் என்னும் குழந்தை மருத்துவர், நலமுள்ள பலரின் குருதியிலிருந்து திரட்டிய இம்யூனோகுளோபுலினை நோயுற்ற சிறுவனுக்குச் செலுத்தினார். தட்டணுக்கள் விரைந்து பெருகின. கடுமையாகக் குருதி கசியும் குழந்தைகளுக்கு இன்றும் அம்மருந்தோ ஸ்டீராய்டோ கைகொடுக்கின்றது.

வியப்பு யாதெனில், வைரஸ் காய்ச்சலை அடுத்து இந்நோய் காணும் குழந்தைகளுள் பெரும்பாலோர் சில மாதங்களில் மருந்தின்றியே தேறுகின்றனர். ஆகவே, புள்ளிகள் மட்டுமே உள்ள குழந்தைக்கு மருந்து தராமல் கவனித்திருப்பதே நலம் என அமெரிக்கக் குருதியியல் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அக்காலத்தில் ஆஸ்பிரின் கூடாது. தலையில் அடிபடக்கூடிய விளையாட்டும் கூடாது. கடுந்தலைவலியோ நில்லாத குருதிப்பெருக்கோ கண்டால், அந்நேரமே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.