உயிரின வகைப்பாடு

திமிங்கலத்தை மீன்களோடுதான் முதலில் சேர்த்திருந்தார் சுவீடன் இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ். 1758இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் அது பாலூட்டிகளுக்கு மாறியது. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பாலூட்டும் உயிரைத் துடுப்பை மட்டும் பார்த்து மீன் என்பது எப்படி?

விலங்கியலில் அறிவியல் பெயர்களுக்கு அந்தப் பதிப்பே தொடக்கம். இனம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்பது இன்றைய அடுக்கு. சிங்கம் ‘பாந்தெரா லியோ’, புலி ‘பாந்தெரா டைகிரிஸ்’. முன்பெயர் பேரினத்தைக் காட்டும்.

லின்னேயஸ் பார்த்தது உடலமைப்பை. 1859இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது: யாருக்கு யார் உறவு? மூதாதை ஒன்றாக இருந்தால்தான் ஒரே குழு. டிஎன்ஏ ஒப்பீடு வந்ததும் பழைய பட்டியல்கள் பல கலைந்தன. வாழும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. ஆகவே மாடு, மான், பன்றி ஆகியவை அடங்கிய இரட்டைக் குளம்பிகளின் வரிசைக்குள்ளேயே குளம்பில்லாத திமிங்கலத்துக்கும் இடம். கண்ணுக்கு ஒவ்வாத முடிவுதான். ஆனாலும் புதைபடிவக் கணுக்கால் எலும்புகளும் அதையே சொல்கின்றன.

கண்ணுக்கே தெரியாத உயிர்களிடம்தான் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. பாக்டீரியா என்று கருதப்பட்ட சில நுண்ணுயிர்கள் தனிக் கிளை என்பதை ரைபோசோம் ஆர்என்ஏ ஒப்பீட்டின் மூலம் 1977இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினர். பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று பெரும்பிரிவுகளை ஊஸ் குழு 1990இல் முன்வைத்தது. காளானும் இடம் மாறியது. நெடுங்காலம் தாவரவியல் பாடத்தில் இருந்த அது, மரபணுக் கணக்கில் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம்.