வட்ட நோட்டு

வட்ட நோட்டு என்பது பிரிட்டிஷ் இந்தியாவில் 1862 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், வெளியிடப்பட்ட வட்டத்துக்குள் (செலாவணிப் பகுதிக்குள்) மட்டும் சட்டப்படி செல்லுபடியான அரசுக் காகிதப் பணம். எடுத்துக்காட்டாக, மதுரை ஜில்லாவைச் சேர்ந்த பெரியகுளம் தாலுகா சென்னை வட்டத்துக்குள் அடங்கியது. அந்தத் தாலுகாவின் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலையேறினால் திருவிதாங்கூர். அங்கே நாணயமே வேறு.

ஓரூர்க் காசு வேற்றூரில் முழு மதிப்புக்குப் போகாதது பழைய வழக்கம். மாற்றித் தருபவர் பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு வட்டம், வாசி என்ற பெயர்கள் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பருக்கு வாசியில்லாக் காசும் சம்பந்தருக்கு வாசியுள்ள காசும் கிடைத்தன என்றும், காசை மாற்றுவதில் நேரம் போய் அடியார்களுக்கு அமுது படைக்கத் தாமதமானதால் வாசி தீர்க்கும்படி சம்பந்தர் பதிகம் பாடினார் என்றும் மரபு கூறும். பிற்காலத்தில் ஆங்கிலேயர் பிரித்த செலாவணிப் பகுதிக்கும் தமிழில் வட்டம் என்றே சொல்ல நேர்ந்தது. ஆக, வட்டத்தைத் தாண்டிய நோட்டுக்கு வட்டம் பிடித்தார்கள்.

1861க்கு முன் கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் நோட்டு வெளியிட்டன. 1861ஆம் ஆண்டின் காகிதச் செலாவணிச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. திட்டத்துக்கு வித்திட்ட நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் லைங் காலத்தில் சட்டம் நிறைவேறியது. 10, 20, 50, 100, 1000 ரூபாய் நோட்டுகள் விக்டோரியா அரசியின் உருவத்துடன் ஒருபக்கம் மட்டும் அச்சாகி வந்தன. கள்ளநோட்டுகள் பெருகவே 1867இல் வேறு வரிசை அறிமுகமானது. 5 ரூபாய் நோட்டு அதற்குப் பிறகே வந்தது. அந்தப் புதிய பச்சை வரிசையில் தொகை 4 இந்திய மொழிகளில் எழுதப்பட்டது. எந்த நான்கு என்பது வட்டத்துக்கு வட்டம் மாறியது.

மூன்று தலைநகர்களைச் சுற்றித் தொடங்கிய வட்டங்களுடன் பின்னர் லாகூர், கான்பூர், கராச்சி, ரங்கூன் முதலியன சேர்ந்தன. சென்னையின் கீழ்க் கோழிக்கோடு, காக்கிநாடா போன்ற துணை வட்டங்களும் சில காலம் இருந்தன. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கும் உரிமை வெளியிட்ட வட்டத்தின் அலுவலகத்தில்தான் உண்டு. சென்னை நோட்டைப் பம்பாயில் நீட்டினால் அங்குள்ள வணிகர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அரசுக்குச் செலுத்தும் பாக்கிகளுக்கு மட்டும் பிற வட்ட நோட்டுகளும் ஏற்கப்பட்டன.

இந்தக் கட்டுப்பாட்டின் காரணத்தைப் பலர் பலவிதமாக எழுதியுள்ளனர். அறுவடைக் காலத்தில் நோட்டெல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தால் அங்குள்ள வெள்ளி இருப்பு தாங்காது என்ற அச்சம் பொதுவாகச் சொல்லப்படுவது. செலவில்லாமல் பணம் அனுப்பும் வழியாக வணிகர் நோட்டைப் பயன்படுத்திவிடுவர் என்ற கவலையும் சேர்ந்திருக்கலாம். நோட்டு மக்களிடம் பரவாமல் தடுத்தது இந்த ஏற்பாடே என்று பொருளியலாளர் கெயின்ஸ் 1913இல் கருதினார்.

அக்காலத்துப் பழக்கம் ஒன்று குறிக்கத்தக்கது. தபாலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவர். வந்து சேர்ந்ததாக மறுமொழி கிடைத்த பின்னரே மறுபாதி புறப்படும். தனித்தனியே வந்த இரு துண்டுகளையும் பெறுபவர் ஒட்டி முழு நோட்டாக்கிக்கொள்வார். ஒட்டிய அத்தகைய நோட்டுகள் சேகரிப்பாளரிடம் இன்றும் இருக்கின்றன.

திருவிதாங்கூர் எல்லையிலுள்ள குமுளிக்கு அப்பால் சிக்கல் நாணயத்தில் இருந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள் இரு கணக்குகளும் வழங்கிய நாட்டில் பாடுபட்டவர்கள்; ரூபாய்க்கு அரைச் சக்கரம் என்பது கூலிக்காரருக்குச் சிறு தொகை அன்று. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்புக்குப் பின் சக்கரம் வழக்கொழிந்தது.

வட்ட எல்லை படிப்படியாகத் தளர்ந்தது. 1903இல் பர்மா நீங்கலாக எங்கும் 5 ரூபாய் நோட்டு செல்லுபடியானது. 1910இல் 10, 50 ரூபாய் நோட்டுகளுக்கும் 1911இல் 100 ரூபாய் நோட்டுக்கும் அந்த நிலை கிடைத்தது.

ஓர் எல்லைக்குள் மட்டும் செல்லும் பணம் வேறு இடங்களிலும் இருந்தது. ஐதராபாத் சமஸ்தானம் 1918 முதல் உஸ்மானியா சிக்கா நோட்டுகளை வெளியிட்டது. பர்மா 1937இல் பிரிந்த பின், பர்மாவில் மட்டுமே செல்லும் என்ற வாசகம் மேலச்சான ரிசர்வ் வங்கி நோட்டுகள் அங்கே புழங்கின. 1959இல் வளைகுடா நாடுகளுக்கென வெளியான தனி ரூபாய் நோட்டு இந்தியாவுக்குள் செல்லுபடியாகவில்லை. ஸ்காட்லாந்து வங்கிகளின் நோட்டுகள் இங்கிலாந்தில் புழங்கினாலும் அங்கே அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை.

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆம் பிரிவின்படி, நோட்டுகளை இந்தியா முழுவதும் செல்லுபடியாக்கியது. சட்டப்படி செல்லும் 10 ரூபாய் நாணயத்தையும் தமிழகத்தின் சில ஊர்களில் கடைக்காரர்கள் ஒரு காலத்தில் வாங்க மறுத்தனர். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.