காப்பீட்டுத் தொல்லியல்

மாசுபட்ட நிலத்தையும் நிலத்தடி நீரையும் தூய்மைப்படுத்தும் செலவுக்காக, பல்லாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளைத் தேடியெடுத்து இழப்பீடு கோரும் தொழில். அமெரிக்காவில் 1980களில் தனித்துறையாக வளர்ந்தது. சேதம் நேர்ந்த காலத்தில் எந்தப் பாலிசி நடப்பில் இருந்ததோ அதுவே பொறுப்பேற்கும் என்பது இதன் அடிப்படை. 1958இல் மண்ணில் இறங்கிய கரைப்பானுக்கு 1998இல் வழக்கு வந்தாலும் 1958ஆம் ஆண்டுப் பாலிசிக்கு உயிர் உண்டு.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் 1940களின் தொடக்கத்தில் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு ஒரே மாதிரியான வாசகத்தை ஏற்றன. அதில் இருந்த ‘விபத்து’ 1966இல் ‘நிகழ்வு’ ஆனது. தொடர்ந்தோ மீண்டும் மீண்டுமோ ஏற்படும் பாதிப்பும் அதில் அடங்கியது. 1970 முதல் மாசு விலக்கு விதி இணைப்பாகச் சேர்ந்தது, 1973இல் படிவத்திலேயே இடம்பெற்றது. ‘திடீரெனவும் தற்செயலாகவும்’ நேர்ந்த மாசுக்கு மட்டும் அது இடம் விட்டது. 1986இல் அந்த இடமும் அடைபட்டது. எனவே தேடுவோர் பெரிதும் விரும்புவது 1970க்கு முந்தைய பாலிசிகளை.

இந்தப் பாலிசிகளுக்கு மதிப்பு வந்தது லவ் கால்வாய்க்குப் பிறகு. நியூயார்க் மாநிலம் நயாகரா ஃபால்ஸ் நகரில் இருந்த இந்தக் கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் ஒப்படைத்தது. அங்கே பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978இல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். 1980 டிசம்பரில் மாசுபட்ட நிலங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. கழிவைக் கொட்டிய நாளில் அது சட்டப்படி சரியாக இருந்தது என்ற வாதம் இச்சட்டத்தின் முன் நிற்காது. பலர் சேர்ந்து கெடுத்த நிலமானாலும் ஒருவரிடமே முழுச் செலவையும் வசூலிக்கலாம்; நிலத்தை இன்று வைத்திருப்பவரும் எளிதில் தப்ப முடியாது. நிறுவனங்கள் பழைய பெட்டிகளைத் திறக்கத் தொடங்கின.

பெரும்பாலும் பாலிசி கிடைப்பதில்லை. காலாவதியான தாள் என்று எண்ணிக் கழித்துவிட்டிருப்பார்கள். அதன் தடயங்களைத் திரட்டுவதே தேடுவோரின் வேலை: பிரீமியம் கட்டிய பேரேட்டுப் பதிவு, பணமாக்கப்பட்டுத் திரும்பிய காசோலை, தரகரின் கடிதம், இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த காப்பீட்டுச் சான்றிதழ், யாரோ ஒருவர் வழுக்கி விழுந்து இழப்பீடு கேட்ட பழைய கோப்பு. காப்பீட்டை நிபந்தனையாக வைத்த அரசு ஒப்பந்தங்களும் உதவும். நிறுவனங்கள் பொதுவான படிவத்தையே பயன்படுத்தியதால், காப்பீட்டாளரின் பெயரும் பாலிசி எண்ணும் ஆண்டும் உச்சவரம்பும் கிடைத்தால் வாசகத்தைப் பெருமளவு மீட்டெழுதலாம். எப்போதோ ஒரு கணக்கெழுத்தர் ஒழுங்காக எழுதிவைத்த ஒற்றை வரி, ஓர் ஊரின் குடிநீரைச் சுத்தம் செய்யப் பணம் கொண்டுவரக்கூடும். இத்துறையில் மிகவும் போற்றத்தக்க பகுதி இதுவே. எவ்வளவு சான்று போதும் என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. இரு தரப்பில் எது கூடுதலாக நம்பத்தக்கது என்று பார்ப்பதே பெரும்போக்கு; இன்னும் உறுதியான சான்று கேட்ட தீர்ப்புகளும் உள்ளன.

1980களிலும் 1990களிலும் வழக்குகள் குவிந்தன. அரசு ஆணையிட்ட தூய்மைப் பணியின் செலவு, பாலிசி சொல்லும் ‘இழப்பீடு’ ஆகுமா என்பது முதல் சிக்கல். ஆர்ம்கோ வழக்கில் 1987இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஆகாது என்றது. 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஆகும் என்றது. ‘திடீரென’ என்பது இன்னும் கடினமாயிற்று. 1993இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் அது காலவேகத்தைக் குறிக்கும் என்று கொண்டு மெல்லக் கசிந்த மாசை விலக்கியது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றமோ, மார்ட்டன் வழக்கில், விலக்கின் முழு வீச்சைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் காப்பீட்டுத் தரப்பு மறைத்தது என்று சொல்லி அதை முழுமையாகச் செயல்படுத்த மறுத்தது. மார்ட்டன் தீர்ப்பின் வரலாற்றுப் பகுதி இன்றும் படிக்கத் தகுந்தது. பல ஆண்டுகள் நீண்ட சேதத்தை எந்த ஆண்டுப் பாலிசி தாங்கும் என்ற கேள்விக்கு, சேதம் தொடர்ந்த ஆண்டுகளின் பாலிசிகள் எல்லாமே என்று 1995இல் மான்ட்ரோஸ் வழக்கில் கலிபோர்னியா விடை தந்தது. தொகையைப் பங்கிடும் முறையில் மாநிலங்கள் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. சில மாநிலங்களில் பாலிசிதாரர் தேர்ந்தெடுக்கும் ஒரு காப்பீட்டாளரே உச்சவரம்பு வரை கொடுக்க வேண்டும். வேறு சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் பங்கு பிரியும்.

காப்பீட்டாளர்களைப் பொறுத்தவரை வழக்குச் செலவு தூய்மைப் பணியின் செலவை விஞ்சியது. சூப்பர்ஃபண்ட் தொடர்பாகக் காப்பீட்டாளர்கள் செலவிட்டதில் சுமார் 88 விழுக்காடு வழக்கு உள்ளிட்ட நடைமுறைச் செலவுகளுக்கே போனதாக ரேண்ட் நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. அந்தப் பணம் மண்ணைச் சென்றடையவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆஸ்பெஸ்டாஸ், மாசுக் கோரிக்கைகளின் சுமை லண்டன் லாயிட்ஸ் சந்தையையும் உலுக்கியது. பழைய பொறுப்புகளைத் தனியே ஏற்க 1996இல் எக்விடாஸ் என்ற நிறுவனம் உருவானது.

சிறு உரிமையாளர்களுக்கும் இவ்வழி திறந்தது. பெட்ரோல் நிலையக் கசிவு பற்றிய கைகர் வழக்கில் 1996இல் இண்டியானா உச்ச நீதிமன்றம், 1986க்குப் பிந்தைய விலக்கின் வாசகமே தெளிவற்றது என்றது. உலர்சலவைக் கடைகள் பயன்படுத்திய பெர்குளோரோஎத்திலீன் கலந்த நிலத்தடி நீருக்கும் பழைய பாலிசிகள் தேடப்படுகின்றன. ஓரிகான் மாநிலம், தொலைந்த பாலிசி பற்றிய அறிவிப்பைக் காப்பீட்டாளர் முறையாக விசாரிக்க வேண்டும் என்று சட்டமியற்றியது.

2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டையும் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் அபாயப் பொருள் பட்டியலில் சேர்த்தது. இவ்வகைச் சேர்மங்கள் தொடர்பாகவும் பழைய பாலிசிகளின் மீது கோரிக்கைகள் எழுந்துள்ளன.