காப்பகத்துக்குள்ளும் ஒரு சேரி

துணி எடுக்கப் போகும் பிள்ளையின் கையில் பணம் இருக்காது. உள்ளாட்சி கொடுத்த சீட்டு இருக்கும். அது செல்லுபடியாகும் கடைக்குத்தான் போக முடியும். சீட்டை நீட்டியதும் கல்லாவில் இருப்பவருக்கும் பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும், இது அரசு வளர்க்கும் பிள்ளை என்று. இங்கிலாந்தில் காப்பகங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் இருந்த இளைஞர்கள் எதிர்த்துப் போராடியவற்றில் இந்தத் துணிச்சீட்டும் ஒன்று. விடுதியில் தங்கிப் படித்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

1975-ல் தேசியக் குழந்தைகள் பணியகம் இப்படிப்பட்ட பிள்ளைகளை அழைத்து ஒரு மாநாடு நடத்தியது. அவர்கள் சொன்னவை 1977-ல் 'ஹூ கேர்ஸ்?' என்ற நூலாக வந்தன. லீட்ஸ் போன்ற நகரங்களில் ஏற்கெனவே சிறு குழுக்கள் இருந்தன. 1979-ல் அவர்களே நடத்தும் தேசிய அமைப்பு உருவானது. சுருக்கமாக 'நேபிக்'. நம் வாழ்க்கையை முடிவு செய்யும் கூட்டத்தில் நாமும் உட்கார வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. பெரிய புரட்சிக் கோரிக்கை அல்ல. ஆனால் அதிகாரிகள் பலருக்கு அதுவே பொறுக்கவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த கட்டம்.

எல்லோரும் பராமரிப்புப் பிள்ளைகள்தான், எல்லோருக்கும் ஒரே வலிதான் என்ற பேச்சுக்குள் கருப்பினப் பிள்ளைகளின் வலி அடங்கவில்லை. வெள்ளையர் வீட்டில், வெள்ளையர் ஊரில் வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் முடியை எப்படிப் பராமரிப்பது, தோல் வறண்டால் என்ன பூசுவது என்பதைக்கூடச் சொல்லித்தர ஆளில்லை. தன் நிறத்து மனிதர்களைப் பார்த்தே பயப்படும் பிள்ளைகளும் இருந்தார்கள். இனவசை கேட்டு அழுதால், கண்டுகொள்ளாதே என்பதுதான் பதில். 1984-ல் அவர்கள் 'பிளாக் அண்ட் இன் கேர்' என்ற பெயரில் தனியே மாநாடு கூட்டினார்கள். அன்றைய பிரிட்டனில் 'கருப்பர்' என்பது ஆசிய வம்சாவளியினரையும் சேர்த்த அரசியல் சொல். 'தலித்' என்ற சொல்லை நாம் எடுத்துக்கொண்டது போல.

தனியே கூடினால் இயக்கம் உடையும் என்ற அறிவுரை நமக்கும் பழக்கமானதுதான். அம்பேத்கர் காலம் முதல் கேட்டுவருகிறோம். அந்தப் பிள்ளைகள் இயக்கத்தை உடைக்கவில்லை. பொதுமேடையில் பேச இடம் கிடைக்காததைத் தங்கள் மேடையில் பேசினார்கள்.

கருப்பினச் சமூகப் பணியாளர்களும் இதே கேள்வியை நாடாளுமன்றக் குழுவின் முன் வைத்திருந்தார்கள். 1989-ன் குழந்தைகள் சட்டம், 22-ஆம் பிரிவில், பராமரிப்புப் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதன் விருப்பத்தைக் கேட்கச் சொன்னது. சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. நேபிக் 1990களில் கலைந்துபோனது. சட்ட வரி மிஞ்சியது.

முழுதாக மிஞ்சவில்லை. தத்தெடுப்புக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கடமை இடம்பெற்றிருந்தது. கருப்பினப் பிள்ளைகள் தத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேர்கிறது என்று காரணம் காட்டி, 2014-ல் இங்கிலாந்தில் அதை நீக்கிவிட்டார்கள். காத்திருப்புக்குத் தீர்வாக, கருப்பினக் குடும்பங்களைத் தேடிப் போய்ச் சேர்ப்பதைவிட ஒரு வரியை அடிப்பது அரசுக்கு எளிதாக இருந்தது.