கேருபீன்களும் பன்மை விகுதியும்

எபிரெய மொழியில் 'கெரூப்' என்பது ஒருமை. 'கெரூபீம்' என்பது பன்மை. அவ்வாறே 'சாராப்' ஒருமை, 'செராபீம்' பன்மை. 'ஈம்' என்பதே அம்மொழியின் ஆண்பாற் பன்மை விகுதி. நமது சபைகளில் வழங்கும் பவர் ஐயரின் திருப்புதலிலோ (1871) இச்சொற்கள் 'கேருபீன்கள்', 'சேராபீன்கள்' என வருகின்றன. பன்மையின்மேல் பன்மை ஏறி நிற்கிறது. எபிரெயம் கற்கத் தொடங்கிய மாணாக்கர் முதலாண்டிலேயே இதைக் கண்டுகொள்கின்றனர். சிலர் பிரசங்க பீடத்திலிருந்தே இதைப் பிழையெனச் சபைக்கு அறிவிக்கவும் துணிகின்றனர். அத்துணிவிற்கு முன் இச்சொல் நடந்துவந்த வழியைச் சற்று நோக்குதல் தகும்.

இச்சங்கடம் தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலத்தீன், கிரேக்கப் பிரதிகளில் இச்சொல் 'ம்' என்றும் 'ன்' என்றும் இருவகையாய் முடிவதுண்டு. 'ஈன்' என்பது எபிரெயத்தின் உடன்பிறப்பாகிய அரமேய மொழியின் பன்மை விகுதி. மேல்நாட்டார் செவிக்கு அது பன்மையாகவே படவில்லை. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் 'செரூபின்' என்பதை ஒருமையாகவும், 'செரூபின்ஸ்' என்பதைப் பன்மையாகவும் ஆண்டார். 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் ஒருமையை 'செரூப்' எனச் செம்மையாகத் தந்தும், பன்மையில் 'செரூபிம்ஸ்' என்று எபிரெய விகுதியின்மேல் ஆங்கில விகுதியையும் ஏற்றியது. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம் 'செரூபின்', 'செராபின்' என்று 'ன்' ஒலியோடு, வேறு விகுதியின்றிப் பாடியது. 1885இல் வெளியான திருத்திய பழைய ஏற்பாட்டில்தான் அந்த மிகை விகுதி நீக்கப்பட்டது. ஒரே திருச்சபை, ஒரே மொழி, மூன்று வடிவங்கள்!

தமிழ்த் திருமறையோ இத்தகைய சொற்களை ஒரே முறையில் கையாளவில்லை. நியாயாதிபதிகளின் புத்தகத்தில் எபிரெயத்தின் 'பெயாலீம்' என்னும் பன்மை 'பாகால்கள்' ஆயிற்று. அயல் ஒருமையோடு தமிழ் விகுதி சேர்ந்த நேர்வழி இது. ஆங்கிலத் திருப்புதல் இவ்விடத்தில் எபிரெய விகுதியை விடாதிருக்க, தமிழ் துணிந்து விட்டது. ஆனால் அதன் பக்கத்திலேயே நிற்கும் 'அஸ்தரோத்' என்னும் பெண்பாற் பன்மை, பன்மையென்று அறியப்படாமலே ஒரு தேவியின் பெயர்போல் நிற்கிறது. யாத்திராகமத்தின் 'ஊரீம் தும்மீம்' எபிரெய விகுதியோடு அப்படியே கொள்ளப்பட்டன. அவற்றின்பின் 'என்பவைகள்' எனத் தமிழ்ப் பன்மை தனியே ஒட்டப்பட்டது. எஸ்தரின் புத்தகமோ 'பூர்' என்னும் ஒருமையிலிருந்தே 'பூரீம்' பண்டிகையின் பெயர் வந்ததென விளக்கி, வாசகனுக்கு எபிரெய இலக்கணத்தையே ஒருவாறு கற்பித்துவிடுகிறது. ஊரீமிலும் பூரீமிலும் 'ம்' காத்த அதே திருப்புதலில் கேருபீன் 'ன்' பெற்றது கவனிக்கத்தக்கது.

இதை மொழிபெயர்ப்பாளரின் அறியாமை என்று கூற இயலாது. பவர் ஐயர் 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தைப் பதிப்பித்தவர். 1876இல் நன்னூலுக்கு ஆங்கில அறிமுக நூல் வெளியிட்டவர். விகுதி இன்னதென அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும், பன்மையின்மேல் பன்மை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் 'கள்' விகுதியை அஃறிணைப் பெயர்க்கு உரியதாகவே வைத்தார். எனினும் 'அர்' பெற்றுப் பன்மையான சொற்களும் காலப்போக்கில் 'கள்' ஏற்றன. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்' (263), 'பூரியர்கள்' (919) என்னும் வடிவங்கள் உள. 'தூதர்கள்' என்று வாசிக்கையில் முகஞ்சுளிக்காதவர், 'கேருபீன்கள்' என்கையில் மட்டும் சுளிப்பானேன்? நான் ஊழியஞ்செய்யும் கொமரலிங்கம் வட்டாரம் பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே 'ஒரு சாக்ஸ்' என்றே சொல்லுகிறார்கள். ஆங்கிலத்தில் அது பன்மையென்று எவரும் திருத்துவதில்லை. கடன்பெற்ற சொல் கடன்பெற்ற மொழியின் சட்டத்திற்கே உட்படுகிறது.

உண்மையில் தமிழனுக்கு இதைவிடக் கடினமான தெரிவு வேறொன்றுண்டு. எபிரெயத்திலும் ஆங்கிலத்திலும் இல்லாத உயர்திணை அஃறிணைப் பாகுபாடு நம்முடையது. பன்மை எழுவாய் வந்தவுடன் வினைமுற்று திணையைக் கேட்கிறது. ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் 'நின்றார்கள்'. அவர்களில் 'ஒருவன்' தீர்க்கதரிசியினிடத்தில் பறந்து வருகிறான். எசேக்கியேல் 10ஆம் அதிகாரத்திலோ கேருபீன்கள் 'எழும்பின'. எபிரெயர் 9:5இல் பெட்டியின்மேலுள்ள பொன் உருவங்கள் 'நிழலிட்டிருந்தன'. இங்கு அஃறிணை பொருத்தமே. ஆனால் எசேக்கியேல் கண்டவை உருவங்களல்ல, ஜீவன்கள். பேசித் துதிப்போருக்கு உயர்திணையும், சிங்காசனத்தைத் தாங்குவனவற்றிற்கு அஃறிணையும் அளித்தது ஒரு வியாக்கியானமே. விகுதியைப்பற்றி வாதிடுவோர் இதைக் காணாமற் போவது வியப்பாயிருக்கிறது.

விகுதியை அறியாமையால் வரும் கேடு வேறிடத்தில் உள்ளது. காபிரியேல், மிகாவேல் என்பனபோலக் கேருபீன், சேராபீன் என்னும் இரு தூதர் உளரென்று பிரசங்கிப்போர் உண்டு. சங்கீதம் 18:10இல் எபிரெயம் ஒருமையாகவே இருப்பதால், அங்குத் தமிழின் 'கேருபீன்' என்பதையும் ஒருமையாகக் கொள்ளவேண்டும். யாத்திராகமம் 25:19இலும் அவ்வாறே. இன்னும் சிலர் 'ஏலோகீம்' என்பதன் 'ஈம்' விகுதியைக் கொண்டே திரித்துவத்தை நிறுவ முற்படுவர். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் எபிரெயப் பெயர்ச்சொல் பன்மை வடிவினது, வினையோ ஒருமை. தமிழில் 'தேவன்' ஒருமை. 'சிருஷ்டித்தார்' பலர்பால் விகுதி பெற்ற மரியாதை வினை. எபிரெயத்தின் பன்மையில் மூவரைக் காண்போர், தமிழின் 'ஆர்' விகுதியிலும் காணவேண்டியிருக்கும். அவ்விகுதியோ நம் வீட்டில் தகப்பனாருக்கும் உரியது. நிசேயா சங்கத்தார் 325இல் இத்தகைய விகுதியின்மேல் தங்கள் விசுவாசப் பிரமாணத்தைக் கட்டவில்லை.

1995இல் வெளியான திருவிவிலியம் 'கெருபு', 'கெருபுகள்' என்று பாகால்களின் வழியைப் பின்பற்றியது. படிப்பறைக்கு அது நன்று. ஆராதனையில் வாசிக்கையில் சபையின் கையிலுள்ள வேதாகமத்தில் அச்சிட்டிருப்பதையே வாசிப்போம். கெரூபென்றும் கெரூபீமென்றும் விளக்குவதற்கு வேதபாட வகுப்பும் கரும்பலகையும் இருக்கின்றன.