பல்லாவரத்துக் கோடரியும் அத்திரம்பாக்கத்து அடுக்குகளும்

1863 மே 30. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு பள்ளம். அதிலிருந்து வாரிக் கொட்டிய மண்ணில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதர் செதுக்கிய குவார்ட்சைட் கல். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அதே துறையின் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் அதே வகைக் கருவிகளைக் குவியலாகக் கண்டனர். உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இரண்டு இடத்துக் கருவிகளும் ஒரே மரபைச் சேர்ந்தவை. தொல்லியலாளர்கள் அவற்றை அச்சூலியன் என்பார்கள். முற்காலத்தில் மெட்ராஸ் மரபு என்றும் பெயர் இருந்தது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோக்கைட் பாறையால் ஆனவை. அவற்றின் அடிவாரத்தில் கிடைத்த கருவியோ குவார்ட்சைட். பக்கத்து மலைக்கல்லை விட்டுவிட்டு, கூர்மையாகச் சில்லு உடையும் கல்லைத் தேடியிருக்கிறார்கள். கல்லைத் தரம் பிரிக்கத் தெரிந்த அந்த அறிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பல்லாவரம் சொல்வது அவ்வளவுதான். பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிட்ட கல் எந்த அடுக்கில் கிடந்தது, அதற்கு மேலும் கீழும் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. மனிதர் இங்கே இருந்தார் என்று அது சொல்லும். எப்போது, அதன்பின் என்ன மாறியது என்று சொல்லாது. பரிணாமம் என்பதே காலத்தோடு வரும் மாற்றம் என்பதால், இது சின்னக் குறை அல்ல.

அத்திரம்பாக்கத்தில் அடுக்குகள் கலையாமல் இருந்தன. 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பொறுமையாக அகழ்ந்தார்கள். புதைந்த குவார்ட்சைட்டில் விண்கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம், அலுமினியம் அணுக்களின் சிதைவை அளந்து, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். 2018இல் வந்த அடுத்த ஆய்வு மேல் அடுக்குகளைப் பற்றியது. பெரிய கைக்கோடரிகள் குறைகின்றன. முன்கூட்டியே வடிவமைத்த கருக்கல்லிலிருந்து திட்டமிட்டுச் சில்லு எடுக்கும் லெவல்வா முறை தலைகாட்டுகிறது. இந்த மாற்றத்தின் தொடக்கம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்.

இந்தப் புதிய கருவிகளை யார் செய்தார்கள்? மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் வயது. அத்திரம்பாக்கத்திலோ சில விலங்குப் பற்கள் கிடைத்தன. மனித எலும்பு ஒன்றுகூட இல்லை. ஆகவே வேறொரு மனித இனம் இங்கேயே கற்றுத் தேர்ந்ததா, புதியவர்கள் கொண்டுவந்தார்களா என்று கல்லை வைத்து முடிவு கட்ட முடியாது. இயற்கைத் தேர்வு உடலைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்குகிறது. கைத்தொழிலோ ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்தாலே பரவிவிடும். அதற்கு மரபணு மாற வேண்டியதில்லை. கருவி மாறியதும் மூளை மாறிவிட்டது என்று எழுதுவது அவசரம்.

15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கைகளை நம் மொழிக்கும் இனப்பெருமைக்கும் முன்னோராக்கிப் பேசுவது அதைவிடப் பெரிய அவசரம். அவர்கள் நம் இனம் தோன்றுவதற்கே பல லட்சம் ஆண்டுகள் முந்தியவர்கள். பெரும்பாலும் ஹோமோ எரக்டஸாக இருக்கலாம். அதையும் எலும்புதான் உறுதி செய்ய வேண்டும். இந்தியாவில் ஆதிமனித மண்டையோடு கிடைத்தது 1982இல், நர்மதைக் கரையில் ஹத்னோராவில்; ஆனால் அது அவ்வளவு பழையது அல்ல.

பல்லாவரத்துக்கு இன்னும் வாய்ப்பு இருப்பதாகவே நினைக்கிறேன். பல்லாவரம், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அடித்தளம் தோண்டும்போது எங்காவது செம்புரைச் சரளை கலையாமல் வெளிப்பட்டு, அதில் கருவியும் இருந்தால், அத்திரம்பாக்கத்தில் பயன்பட்ட அளவீடுகளை அங்கேயும் முயன்று பார்க்கலாம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒரு புவியியல் மாணவர் அந்தப் பள்ளத்தின் சுவரைப் பார்த்து, அடுக்குகளை வரைந்து, மண் மாதிரி எடுத்துவைக்க வேண்டும். 1863இல் நடக்காமல் போனது அதுதான்.