அடித்தால் இறுகும் நீர்மம்

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கின்றது. அதன் கரைச் சேற்றில் இறங்கியவன் அசைய அசைய மேலும் புதைவான். ஏரியைக் கடந்து சென்று, அலை அப்போதுதான் மீண்ட கடற்கரை மணலில் அதே காலை ஊன்றினால், மணல் இறுகி அவனைத் தாங்கும். பாதத்தைச் சுற்றிய மணலோ நொடிப்பொழுதில் வெளுத்து உலர்ந்துவிடும். வலையைத் தோளிலிட்டு நாள்தோறும் இவ்விரண்டின் மீதும் நடக்கும் மீனவர்க்கு இஃது ஒரு வியப்பன்று. விஞ்ஞானம் இதற்குக் காரணம் கேட்டது 1885-இல்தான்.

அவ்வாண்டு மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் விடை கூறினார். நெருங்கி அடுங்கிய மணிகள் இடம்பெயர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்க வேண்டும். ஆகவே, மிதிபட்ட மணல் சுருங்குவதற்கு மாறாக விரிகின்றது. புதிதாய்த் தோன்றிய இடுக்குகளுக்குள் மேற்பரப்பு நீர் இறங்கிவிடுகின்றது.

இனி, நேயர்களே, ஒரு கிண்ணத்தில் மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பாருங்கள். மெல்லக் கிளறினால் கரண்டி வழுக்கிச் செல்லும். விரைந்து கிளறினால் சிக்கி நிற்கும். நீர்மத்தின் அடுக்குகள் எவ்வளவு வேகமாக ஒன்றன்மேலொன்று சறுக்குகின்றனவோ அவ்வளவுக்கே எதிர்ப்பும் வளரும் என்பது நியூட்டன் 1687-இல் கொண்ட கருத்து. தண்ணீர் அதற்குக் கட்டுப்படும். மாவுக் கரைசல் கட்டுப்படாது. வேகம் ஏற ஏற அதன் பாகுநிலையே உயர்ந்துவிடும்.

இதனைக் கணக்கில் அடக்க, 1920-களில் ஆஸ்ட்வால்ட், டி வேல் ஆகியோர் பெயரால் ஓர் அடுக்குவிதி வழங்கலாயிற்று. எளிய விதிதான். ஆனால் இறுகும் நீர்மத்துக்கு அதனை அப்படியே பொருத்தினால், அசையாதிருக்கும் கரைசலுக்குப் பாகுநிலையே இல்லை என்று விடை வரும். வேகத்தை ஏற்றினால் பாகுநிலை எல்லையின்றி வளரும். இரண்டும் பொய். இத்தகைய கணக்கை நம்பிக் கலக்கும் எந்திரம் அமைப்பவனுக்கு அச்சு முறிவதே கூலி!

பெயரிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. ரெய்னால்ட்ஸ் கண்ட விரிவே எல்லா இறுகலுக்கும் காரணம் எனப் பலரும் நெடுநாள் கருதினர். 1972-இல் ஹாப்மன் என்பவர், ஓடும் கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, வரிசையாய்ச் சென்ற துகள்கள் ஒரு வேகத்துக்கு மேல் வரிசை குலைவதைக் கண்டார். 1985-இல் பிரேடியும் பாஸிஸும் கணிப்பொறியின் துணையால், துகள்கள் நீரழுத்தத்தால் கொத்துக் கொத்தாய்த் திரள்வதைக் காட்டினர்.

எனக்கு மிகவும் நிறைவளிப்பது 2014-இல் வயார்ட்டும் கேட்ஸும் வகுத்த கணக்கே. மெல்ல நகரும்போது துகள்களுக்கிடையே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். ஆதலால் உராய்வு இல்லை. விசை ஓரளவைத் தாண்டினால் படலம் அறுந்து துகளோடு துகள் உரசும். உராய்வின்றி உருண்டைகள் கன அளவில் ஏறத்தாழ 64 விழுக்காடு வரை நெருங்கிய பின்னரே அடைபடும். உராய்வு மிக்கபோது 58 விழுக்காட்டை ஒட்டியே அடைபட்டுவிடும். ஆகவே 60 விழுக்காடு துகள் கொண்ட கரைசல் மெல்லத் தொட்டால் நீர். ஓங்கி அறைந்தால் கல்.

ஏரிச் சேற்றின் நிலையோ இதற்கு நேர்மாறு. களிமண்ணின் தட்டைத் துகள்கள் ஒன்றையொன்று பற்றிச் சீட்டுக்கட்டு வீடு போல நிற்பவை. காலை உதறினால் அவ்வீடு சரிகின்றது, கால் புதைகின்றது.